விலை சொல்லாத கை

அருமைநாயகத்தின் துண்டுக்கடியில் ஆளில்லாத கை ஒன்று இருக்கிறது என்ற செய்தி ஆனைப்பார் மாட்டுச் சந்தையில் பரவியபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை, அது என்ன விலை பிடித்திருக்கிறது என்றுதான் கேட்டார்கள். சந்தைக்காரர்கள் அப்படித்தான். பால் குறைந்த பசுவைக் கறக்காமல் நிறுத்திவைத்து மடி பெருக்கிக் கொண்டுவருபவனையும், கிழட்டு மாட்டின் பல்லுக்கு அரம் போட்டு வயசைக் குறைத்துக் கொண்டுவருபவனையும், வெள்ளைத் தழும்புக்கு மை பூசி மறைத்துக் கொண்டுவருபவனையும் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறவர்களுக்கு, அதிசயம் என்பது இன்னும் குட்டு உடையாத ஓர் ஏமாற்று, அவ்வளவுதான். யார் செய்கிறான், எதற்குச் செய்கிறான் என்று தெரிகிறவரை மரியாதையாகத் தள்ளி நின்று பார்ப்பார்கள், தெரிந்த பிறகு சிரிப்பார்கள், அதற்குள் அவரவர் மாட்டை விற்றுவிட்டுப் போய்விடுவார்கள்.

அவர்கள் எல்லாரையும்விட அதிகமாகச் சந்தேகப்பட்டவர் அருமைநாயகமேதான்.

சந்தேகப்பட அவருக்கு உரிமை உண்டு. தகப்பன் முகம் தெரியாமல், அடுத்தவன் தொழுவத்தில் சாணி அள்ளி, அள்ளின கைக்குக் கூலியாக உதை வாங்கி, உதைத்தவனிடமிருந்தே சுழி பார்க்கவும் பல் பிடித்து வயசு சொல்லவும் திருட்டுத்தனமாகக் கற்றுக்கொண்டு, தரகு பேசிப் பேசியே ஓட்டுவீடும் தொழுவமும் இரட்சணியபுரம் வேதக்கோயிலில் முன்வரிசை நாற்காலியும் சம்பாதித்த மனுஷன் அவர். கோபம் வந்து சந்தையின் கிழக்கு வாசலில் நின்று கத்தினால் மேற்கு வாசலில் கட்டியிருக்கும் கன்றுக்குட்டி மூத்திரம் போய்விடும். "எனக்கு எவனும் ஒரு துரும்பும் சும்மா தரலவே" என்பது அவர் பேச்சில் மூச்சு மாதிரி வந்துபோகும் வார்த்தை. சும்மா தருகிறேன் என்று எவனாவது வந்தால் அருமைநாயகம் முதலில் மாட்டின் காலைத் தூக்கிப் பார்ப்பார், அப்புறம் கொடுக்கிறவனின் காலைப் பார்ப்பார், ஓடுவதற்கு வசதியாக நிற்கிறானா என்று.

ஆனைப்பாரில் விலையை வாயால் பேசுவதில்லை. விற்கிறவன் ஒரு கை, வாங்குகிறவன் ஒரு கை, மேலே ஒரு துண்டு. துண்டுக்கடியில் விரல்கள் பேசிக்கொள்ளும். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு என்பது பிடிக்கிறவனுக்கும் பிடிபடுகிறவனுக்கும் மட்டும் தெரியும். சுற்றி நிற்பவர்கள் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். விலை ஒத்துவராவிட்டால் கையை உதறுவார்கள், முறிந்தது. ஒத்துவந்தால் ஓர் அழுத்து அழுத்திவிட்டுக் கையை விடுவார்கள், முடிந்தது. கை விட்டதும் மாட்டின் கயிறு வாங்கினவன் கைக்கு மாறும், கயிறு மாறின பிறகு விற்றவன் தலைகீழாக நின்றாலும் மாட்டைத் திருப்பிக் கேட்க முடியாது. உதறாமலும் விடாமலும் பிடித்துக்கொண்டே நின்றால் பேரம் இன்னும் நடக்கிறது என்று அர்த்தம். இதற்கு வெளியே ஒரு கைக்கு அந்தச் சந்தையில் வேலை கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறத் தொடங்கிய நேரம், மாட்டுக்காரன் கருப்பட்டிக் காப்பி குடிக்கப் போயிருக்க, அருமைநாயகம் உடைமரத்தடியில் வலது கைமேல் துண்டைப் போட்டபடி தனியாக நின்றார். துண்டுக்கடியில் ஒரு கை வந்து அவர் கையைப் பிடித்தது. அகலமான கை, மரம் இழைக்கிறவன் கை மாதிரி ஓரங்கள் காய்த்த கை, வெதுவெதுப்பான கை. உள்ளங்கை நடுவில் ஒரு குழி.

"என்ன காதர் பாய், பின்னால நின்னுக்கிட்டு விளையாட்டா?" என்று திரும்பினார். தரகர் காதர் மைதீன் அந்தக் கோடியில் காப்பிக்கடை வாசலில் உட்கார்ந்து உளுந்தவடை தின்றுகொண்டிருந்தார். அருமைநாயகம் துண்டை வெடுக்கென்று இழுத்தார். அவருடைய கை மட்டும் இருந்தது, ஆனால் அதன்மேல் யாரோ பிடித்திருந்த விரல் தடங்கள் வெளுத்துக் கிடந்தன. துண்டை மறுபடி போட்டார். கை இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. முதலில் தன் கையைச் சந்தேகப்பட்டார், அப்புறம் துண்டைச் சந்தேகப்பட்டு வேறு துண்டு போட்டுப் பார்த்தார், வேட்டி நுனியைப் போட்டுப் பார்த்தார், வீட்டில் போர்வைக்குள் கையை விட்டுப் பார்த்தார். எந்தத் துணிக்கடியிலும் அது இருந்தது. அப்புறம் பட்டணத்து டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சந்தேகப்பட்டார்.

டாக்டரைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. நெஞ்சைத் திறந்துதான் ஆகவேண்டும் என்று சொல்லி, அறுப்பின் பண்டிகை முடிந்த கையோடு வரச்சொல்லியிருந்தார். "பிழைப்பேனா?" என்று அருமைநாயகம் கேட்டதற்கு, "எங்களால முடிஞ்சதைச் செய்வோம் பெரியவரே" என்றார். 'பாத்து எடுத்துக்கோங்க' என்று மாட்டுக்காரன் சொன்னால் அந்த மாட்டில் ஏதோ இருக்கிறது என்று அறிந்த மனுஷனுக்கு அந்தப் பதிலின் அர்த்தம் விளங்காதா? பஸ்ஸில் வரும்போதே தீர்மானித்துவிட்டார், சாவது பெரிய காரியமில்லை. செத்த பிறகு எந்த வாசலில் போய் நிற்பது, அங்கே நம் காரியம் முடிந்திருக்கிறதா முடியவில்லையா என்று தெரிந்தாக வேண்டும். முடியாத வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு மேஜைமேல் போய்ப் படுக்க அவர் தயாரில்லை.

அவர் மனைவி சொர்ணபாய்க்கு இந்தத் தொந்தரவே கிடையாது. டிக்கெட் எடுத்துவிட்டு வண்டிக்குக் காத்திருப்பவள் மாதிரி பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் விளக்குவாள். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு எரிச்சல் வரும்.

"ஏட்டி, நீ செத்தா எங்கன போவ?"

"எங்க ஆண்டவர்ட்ட."

"யாரு சொன்னா?"

"அவருதான்."

"உன் காதுல வந்து சொன்னாராக்கும்?"

"செவலைக்குச் சுழி நல்லாருக்குன்னு சந்தையில சொல்லுதீங்களே, செவலை வந்து உங்க காதுல சொல்லிச்சா?"

"நான் பாத்துட்டுச் சொல்லுதேன்."

"நான் நம்பிட்டுச் சொல்லுதேன். வாங்க, கஞ்சி ஆறுது."

இப்படிப்பட்டவளிடம் பேரம் பேச முடியுமா? அருமைநாயகம் சபை அங்கத்தினனாகத் திடப்படுத்தல் வாங்கின நாள்முதல், அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு முழங்கால் போட்டதில்லை. வரிசை வரிசையாகச் சனங்கள் எழுந்து பீடத்தண்டை போகும்போது அவர் வெளியே வந்து வேப்பமரத்தடியில் வண்டியைத் துடைப்பார். என்ன விலை என்று தெரியாத பந்தியில் உட்காருகிற பழக்கம் தனக்கில்லை என்பார்.

ஆகையால் துண்டுக்கடியில் அந்தக் கை வந்ததும், பயம் தெளிந்ததும், அவருக்குத் தோன்றியது ஒன்றுதான்: ஆள் வந்துவிட்டார், பேரம் ஆரம்பமாகிவிட்டது.

ஆட்காட்டி விரலை நீட்டினார்: கெட்ட வார்த்தையை விட்டுவிடுகிறேன். கை ஒன்றும் சொல்லவில்லை. நடுவிரலை நீட்டினார்: சுழியில் பொய் சொல்ல மாட்டேன். ஒன்றும் இல்லை. எல்லைத் தகராறில் வருஷக்கணக்காக முகம் பார்க்காத மைத்துனன் வீட்டுக்குப் போய் அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறேன் என்று மோதிரவிரலைப் பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டினார். அந்தக் கை உதறவுமில்லை, அழுத்திவிட்டு விடவுமில்லை. எந்த விரலையும் தனியாகப் பிடிக்காமல், முழுக் கையையும் பொத்திப் பிடித்துக்கொண்டே இருந்தது. பெரிய கை, இன்னும் எதிர்பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டார். விலை சொல்லாத கை எப்போதும் திருட்டுக் கை என்றும் நினைத்துக்கொண்டார்.

ஊருக்கு விஷயம் தெரிந்தது காதர் மைதீனால். அடுத்த சந்தையில் ஒரு ஜோடிக் காளைக்காக இருவரும் கை கொடுத்தபோது காதர் மைதீன் நெற்றியைச் சுருக்கினார்.

"அண்ணாச்சி, உள்ள ரெண்டு கை கெடக்கு."

"ஒண்ணு என்னது."

"இன்னொண்ணு?"

"அதான்வே எனக்கும் தெரியல."

"விலையில தலையிடுதா?"

"இல்ல."

"தரகு கேக்குதா?"

"இதுவரைக்கும் கேக்கல."

"அப்பம் இருந்துட்டுப் போகட்டும். உம்ம முதல் விலையச் சொல்லும்."

ஆனால் விலை பிடிக்கப்போன காதர் மைதீனின் விரல் பாதியில் நின்றுவிட்டது. அந்தக் கை பக்கத்தில் இருக்கும்போது பொய் விலை பிடிக்க விரல் கூசுகிறது என்று அவரே காப்பிக்கடையில் சொன்னார், சொல்லிவிட்டு வெட்கப்பட்டு இன்னொரு காப்பி சொன்னார். அவ்வளவுதான், அருமைநாயகத்தின் துண்டுக்கடியில் பேசினால் ஏமாற்று இருக்காது என்று செம்மணல் தேரிக்காட்டுக்கு அந்தப் பக்கமிருந்தெல்லாம் மாட்டை ஓட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். உடைமரத்தடியில் நிற்க இடமில்லாமல் போயிற்று. பொய் விலை சொல்லியே பழகினவர்கள் பக்கத்து மரத்தடிக்கு மாறிக்கொண்டார்கள். வியாபாரம் பெருகப் பெருக அருமைநாயகத்துக்குச் சந்தேகமும் பெருகிற்று. முதலில் ஆதாயத்தைக் காட்டாமல் எவன் பெரிய அடி அடித்திருக்கிறான்?

இரட்சணியபுரத்தார் அந்தக் கையைத் தங்கள் பாணியில் உள்வாங்கிக்கொண்டார்கள். ஊர்ப் பெயரிலேயே இரட்சிப்பை வைத்திருப்பதால் அதைப்பற்றித் தனியாகக் கவலைப்படும் வழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது, ஆனாலும் ஒரு கை சும்மா கிடைக்கிறதென்றால் தொட்டுப்பார்க்காமல் இருக்க முடியுமா? பீடி சுற்றுகிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து தொட்டுப் பார்த்து, "நம்ம அப்பா கை மாதிரி இருக்கு" என்று ஒருத்தியும், "இல்லட்டி, புதுசா இருக்கு" என்று ஒருத்தியும் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். ஹைஸ்கூல் வாத்தியார் இது நரம்புக்கோளாறு என்று சொல்லிவிட்டு, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத் திரும்பி வந்தார். ஜெபவீட்டுப் பாஸ்டர் ஆவிகளைச் சோதித்தறிய வேண்டும் என்று திண்டுக்கல் பூட்டு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். கடலில் மகனைப் பறிகொடுத்த ஒருத்தி வந்து துண்டுக்குள் கையை விட்டு, அரிசி வேகும் நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் என்ன பேசினாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அருமைநாயகம் இத்தனைபேருக்கும் கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், முகத்தை மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொண்டு. ஊரே தொட்டுவிட்டு ஆறுதலாகப் போகிறது, பிடிபட்டவனுக்கு மட்டும் விவரம் சொல்ல ஆளில்லை.

சபைக் கமிட்டி சும்மா இருக்குமா? அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயும் சேவலும் முதல் காய்ப்பு முருங்கையும் ஏலம் போவது வழக்கம். அந்த வருஷம் அவற்றோடு அருமைநாயகத்தின் துண்டையும் காணிக்கையாக வாங்கி ஏலத்தில் விட்டார்கள். கமிட்டிச் செயலாளர் போட்டி போட்டு எடுத்து, பட்டுத்துணி மாதிரி மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு முழங்கால் போட்டுக் கைமேல் விரித்தார். துண்டாகத்தான் இருந்தது, மாட்டுவாடை அடித்தது. அசனச் சாப்பாட்டுப் பந்தியில் சோற்றுக் கையோடு வந்து அருமைநாயகத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, துண்டுல ஒண்ணுமில்லயே!"

"துண்டுல இருக்குன்னு நான் சொன்னனாவே? அது என் கையைத்தான பிடிச்சிருக்கு!"

"அப்பம் நாங்க ஏமாந்துட்டோமா?"

"எனக்கே என்னன்னு தெரியல, நீரு ஏமாந்ததுக்கு நான் என்ன பண்ண? போய்க் கத்திரிக்கா கூட்டு வாங்கித் தின்னும்!"

பந்தி சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அசனம் முடிந்துவிட்டதென்றால் அடுத்தது ஆஸ்பத்திரி. கை இன்னும் பிடித்துக்கொண்டேயிருந்தது. விடவில்லை. விட்டால் அல்லவா முடிந்தது என்று அர்த்தம்?

சபைப் போதகர், சேகரத்து ஐயர் கிதியோன், அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அதுவரை அவர் ஒருவர்தான் தொட்டுப் பார்க்காதவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துண்டுக்குள் கையை விட்டார். கையை எடுத்துத் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இது யாரு ஐயா?" என்றார் அருமைநாயகம்.

"உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சா கேப்பனா?"

"உள்ளங்கையில அந்தக் குழியத் தொட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். குறையுள்ள கை. மாடு கிடு முட்டியிருக்கும்."

ஐயருக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே கண்ணும் நிறைந்தது. "அண்ணாச்சி, நீங்க கேட்டுக்கிட்டே இருக்கீங்கள்லா, விலை என்ன, விலை என்னன்னு? விலை அந்தக் குழிதான். கொடுத்தாச்சு."

"எப்பம்?"

"எப்பமோ. உங்க ஞானஸ்நானத்துல அத உங்க பேர்ல சொல்லியாச்சு."

அருமைநாயகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லாருக்கு ஐயா நீங்க சொல்லுதது! ஞானஸ்நானத்தப்ப நான் எங்கம்மை மடியில கெடந்து கத்திக்கிட்டுக் கெடந்தேன். எனக்குத் தெரியாம எவனோ பேசி முடிச்ச ஏவாரம் என்னைய எப்படிக் கட்டும்? எனக்குச் சம்மதமான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? கொடுத்தாச்சுன்னா இது ஏன் இன்னும் கைய விடாம நிக்கி? முடிஞ்சா விடணும், அதான ஒழுங்கு?"

ஐயர் ஜெபம் பண்ணிவிட்டுக் காப்பி குடிக்காமல் போய்விட்டார்.

இந்தச் சமயத்தில்தான் செவலைப் பசு ஓடிவந்தது.

தேரிக்கு அந்தப் பக்கத்து மாடத்திக்கு அவர் விற்ற பசு அது. பெண்பிள்ளைகள் துண்டுக்குள் கை நீட்டுவது சந்தையில் வழக்கமில்லை. மாடத்தி நீட்டுவாள், நீட்டினால் எதிராளி வியர்த்துப்போவான். அன்றைக்குத் துண்டுக்குள் கையை நுழைத்ததும், "உள்ள கெடக்க இன்னொரு கை யாருது? ஒதுங்கச் சொல்லும், எனக்கு இடம் பத்தல" என்றவள், அருமைநாயகத்தையே விலையில் கீழே இறக்கி, அழுத்திவிட்டுக் கையை விட்டு, கயிற்றை வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு அருமைநாயகத்தின் தொழுவத்தில் வந்து நின்றது. மாடத்தி வந்து ஓட்டிக்கொண்டு போனாள். மறுபடி வந்தது. மறுபடி ஓட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையிலும் அது தொழுவத்தில் நின்று, விற்கப்பட்ட விவரமே தெரியாத முகத்தோடு அவருடைய வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தது. வெயிலில் முகம் சிவந்து, காலெல்லாம் செம்மண்ணாக, புதுக் கயிற்றோடு மாடத்தி வந்தாள்.

அருமைநாயகத்துக்கு மனசு இளகிப்போயிருந்தது, சாவுக்குப் பயந்தவனுக்கு இளகுமே அப்படி. "ஏம்மா மாடத்தி, இது உன்கிட்ட ஒட்டாது. இத விட்டுரு, வேற மாடு தாரேன்."

"எதுக்காம்?"

"அதுக்கு மனசில்லம்மா. நீ இழுத்துட்டுப் போகப் போக இங்கனதான ஓடி வருது?"

மாடத்தி இடுப்பில் கை வைத்தாள். "அன்னைக்குத் துண்டுக்கடியில பேசுனது நீரும் நானுமா, இல்ல மாடுமா?"

"நாமதான்."

"என்ன விலைக்கு முடிஞ்சுதுன்னு மாட்டுக்குத் தெரியுமா?"

"அதுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அப்பம் அது ஓடி வந்தா ஏவாரம் முறிஞ்சிருமோ? நல்ல தரகருவே நீரு! அது எனக்குள்ளதுன்னு அதுக்குத் தெரியாட்டா என்ன, எனக்குத் தெரியும்லா? எத்தன மட்டம் ஓடுனாலும் வந்து பிடிச்சிட்டுப் போவேன். ஓடி ஓடி அதுக்குத்தான் கால் வலிக்கும்."

கயிற்றைச் செவலையின் கழுத்தில் மாட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றி, அதற்குமேல் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். செவலை கால்களை ஊன்றிற்று, கத்திற்று, தலையைத் திருப்பித் திருப்பித் தொழுவத்தைப் பார்த்தது, பார்த்துக்கொண்டே போயிற்று. மாடத்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெரு முக்குவரை அருமைநாயகம் பார்த்துக்கொண்டு நின்றார், மாட்டை அல்ல, மாடத்தியின் கையை. அந்தக் கை விடவில்லை.

ஏன் விட வேண்டும்? விலை பேசுகிற கைதான் பேசி முடிந்ததும் விடும். வாங்கின கை வீடு போய்ச் சேருகிறவரை விடாது.

இத்தனை வருஷம் சந்தையில் நின்ற மனுஷனுக்கு இது தெரியாதா? தெரியும். தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் தெரியாமல் போயிற்று. துண்டுக்கு இந்தப் பக்கம் தரகனாக நிற்பதாக நினைத்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தார். கயிறு தன் கழுத்தில் கிடப்பது தெரியவில்லை. அருமைநாயகம் கழனித்தொட்டியின் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டார். கை இருந்தது.

அவருக்கு முதலில் வந்தது சமாதானமல்ல, கோபம். "அப்பம் என்னைய மாடுன்னா சொல்லுதீரு?" என்று துண்டைப் பார்த்துக் கத்தினார். அடுக்களையில் பாட்டு நின்றது. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம ஏவாரத்த முடிச்சிட்டு, இத்தன நாளா நான் விலை சொல்லிக்கிட்டு நிக்கத வேடிக்க பாத்துக்கிட்டு நின்னீராக்கும்?"

கை ஒன்றும் சொல்லவில்லை.

சந்தேகக்காரன் சந்தேகக்காரன்தானே, ஒன்றைச் சோதித்துப் பார்த்தார். அந்தக் கை வந்த நாளிலிருந்து தானும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது; விட்டால் போய்விடுமோ என்ற பயத்தில் முழங்கைவரை வலி கண்டிருந்தது. தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். சுண்டுவிரலையும் விட்டார். தன் கையைச் செத்த கை மாதிரி தொங்கப்போட்டார். அது விழவில்லை. பிடித்திருந்தது அவரல்ல.

மெதுவாகக் கட்டைவிரலை நகர்த்தி அந்தக் குழியைத் தொட்டுப் பார்த்தார். மாடு முட்டின குழியின் ஓரம் எப்படிக் கிழிந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். இது அப்படியில்லை. இது ஆணி போன குழி.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது முதல் மணி அடித்தபோதுதான் நினைவுக்கு வந்தது. திருவிருந்து ஆராதனை. வரிசை எழுந்தபோது அருமைநாயகம் வேப்பமரத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், செவலை மாதிரி வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பீடத்தண்டை நடந்தார். அவர் முழங்கால் போட்டதைக் கண்டு சொர்ணபாய்க்குப் பாட்டில் அடுத்த அடி மறந்துவிட்டது. ஊருக்கே தெரிந்த பாட்டு அது.

சந்தேகம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. பஸ்ஸில் போகும்போதும் இருந்தது, ஆஸ்பத்திரியில் மொட்டை வெளிச்சத்தில் சக்கரக்கட்டிலில் கிடத்தியபோது இன்னும் கூடிற்று.

"பயமா இருக்கா?" என்றாள் சொர்ணபாய், கட்டிலோடு கூடவே நடந்துகொண்டு.

"இருக்கு."

"ஆண்டவர்ட்ட போவோம்ங்கற நிச்சயம் இருக்கா?"

"எனக்கு இல்லட்டி. அவருக்கு இருக்குல்லா." சொல்லிவிட்டு, அவள் முகம் மலர்வதைப் பார்த்து, "ரொம்பச் சிரிக்காத, தொழுவத்துல கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்டச் சொன்னியா?" என்று ஒரு கத்துக் கத்தினார். கதவு மூடிக்கொண்டது.

உள்ளே குளிராக இருந்தது. ஒரு நர்ஸ் பச்சைத் துணியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டு, ஊசியோடு வந்தாள். வலது கைப்பக்கம் துணி மேடாக இருந்ததைப் பார்த்தாள்.

"ஐயா, கையை இப்படி இறுக்கிப் பிடிக்காதீங்க. லேசா விடுங்க."

"நான் பிடிக்கலம்மா," என்றார் அருமைநாயகம். முன்னாலேயே கொடுத்திருந்த மயக்க மருந்தில் நாக்கு தடித்துவந்தது. "நான் நேத்தே விட்டாச்சு."

அவள் துணியைத் தூக்கிப் பார்த்தாள். தளர்ந்து கிடந்த ஒரு கை, அதன்மேல் வெளுத்த விரல் தடங்கள். துணியைப் போட்டாள். துணி மறுபடி மேடாயிற்று, ஒரு கைக்குள்ள மேடு அல்ல அது. நர்ஸ் மேட்டைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்த நோயாளி வெளியே காத்திருந்தார். கட்டிலைச் சுற்றி வந்து இடது கையில் ஊசியைப் போட்டாள். அப்புறம் வலதுபக்கம் திரும்பி வந்து, குளிர் படாமலிருக்கத் துணியை ஓரம்வரை இழுத்து, இரண்டு கைக்கும் சேர்த்துப் போர்த்திவிட்டாள்.